கண் காணாத ஒளியில் நம் மும்பை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசை முழங்குவது வழக்கம். இவற்றிற்கு இடையே அகச்சிவப்பு ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். பிறகு இசைந்தோம். அதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் ஊரைப் பிறர் எடுத்த படங்களிலேயே கண்டு பழகிவிட்டோம். தாராவி என்றதும் சாக்கடையும் தகரக் கூரையும் உலகத்தார் மனத்தில் எழுகின்றன என்றால், அது காமிராவோடு வந்துபோனவர்கள் செய்த வேலை. அதே காமிராவை நாமே எடுத்து, நம் ஊரை வேறோர் ஒளியில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு கறுப்புக் கண்ணாடியும், ஒரு முக்காலியும், நிறையப் பொறுமையும் போதும்.

அகச்சிவப்பு என்பது யாது? 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் சூடு மிகுதியாக ஏறிற்று. கண் காணாத ஒளி ஒன்று அங்கே இருந்தது. நம் கண்ணுக்கு எட்டும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ளது. அதற்கு அப்பால் உள்ளதே அகச்சிவப்பு. இன்றைய காமிராவின் சிலிக்கான் உணரி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை உணரும் ஆற்றல் உடையது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். இது உடற்சூட்டைப் படம் பிடிக்கும் கலை அன்று. மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிர் ஏறத்தாழ 10,000 நானோமீட்டர் அளவில் உள்ளது. அதைக் காணும் கருவியே வேறு. நாம் பிடிப்பது கதிரவனிடமிருந்து வந்து பொருள்களின்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான்.

இக்கலையை உலகுக்கு முதன்முதலாகக் காட்டியவர் ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர். 1910-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நிலக்காட்சிப் படங்களில் வானம் கறுத்திருந்தது. மரங்கள் பனி பொழிந்தவை போல வெளுத்திருந்தன. கண்டோர் வியந்தனர். அவ்விரண்டிற்கும் காரணம் கூறலாம். இரண்டிலும் நமக்கு உறவும் உண்டு.

வானம் ஏன் கறுக்கிறது? காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாகவும் நீண்ட அலைநீளமுள்ள ஒளியைக் குறைவாகவும் சிதறச் செய்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 800 நானோமீட்டர் அகச்சிவப்பைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு சிதறுகிறது. ஆகவே கண்ணுக்கு வானம் நீலம்; அகச்சிவப்புக்கோ அங்கே ஒளி மிகக் குறைவு, எனவே கருமை. ஒளிச் சிதறலைப் பற்றிப் பேசுகையில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனை நினையாதிருக்க இயலுமா? 1921-ஆம் ஆண்டில் 'நார்குண்டா' என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் கடலின் நீலத்தை அவர் ஆராய்ந்தார். வானத்தின் நிழலே கடலின் நீலம் என்ற கொள்கையை மறுத்து எழுதிய கடிதத்தை அவர் அனுப்பியது நம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்துதான்.

இனி, இலை ஏன் வெளுக்கிறது? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டுப் பச்சையில் சிறிதளவைத் திருப்புகிறது. அதனால் இலை பச்சை. அகச்சிவப்பையோ பச்சையம் உண்பதில்லை. இலைக்குள் நெருங்கியிருக்கும் உயிரணுக்களும், அவற்றிடையே உள்ள காற்றிடைவெளிகளும் அவ்வொளியை அங்குமிங்கும் சிதறடித்து, ஏறத்தாழப் பாதியை வெளியே அனுப்பிவிடுகின்றன. இலை வாடினாலும் நோயுற்றாலும் அவ்வுள்ளமைப்புக் குலைகிறது, வெண்மையும் குன்றுகிறது. சாதாரணப் பச்சைச் சாயம் பூசிய பலகை கண்ணுக்கு இலைபோலத் தோன்றினாலும் இப்படத்தில் பெரும்பாலும் மங்கியே கிடக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பச்சைச் சாயத்தின் கீழ் மறைத்துவைத்த போர்க் கருவிகளை வானிலிருந்து கண்டுபிடிக்க இவ்வேறுபாடே உதவிற்று.

போருக்கு உதவிய இவ்வறிவை நம் நாட்டில் உழவருக்கு உதவச் செய்தவர் பி. ஆர். பிஷாரடி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர். மும்பையின் கொலாபா வானாய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். கேரளத்தில் தென்னையை வேர்வாடல் நோய் அழித்துவந்தது. 1970-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளால் தென்னந்தோப்புகளை மேலிருந்து படம் பிடித்தனர். நோயுற்ற மரங்கள் நலமுள்ளவற்றினின்றும் பிரிந்து தெரிந்தன. இந்தியாவின் தொலையுணர்வுத் துறைக்கு அதுவே தொடக்கம். 1988 மார்ச்சு 17 அன்று விண்ணில் ஏறிய ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக் கோளின் காமிராக்களிலும் அகச்சிவப்புக்கு ஓர் இடம் இருந்தது. தென்னையில் தொடங்கிய பார்வை விண்வெளி வரை சென்றது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இனித் தொடங்கும் முறையைச் சொல்லுகிறோம். முதலில், நாம் பட்ட தோல்வியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தாராவி 90 அடிச் சாலையை அடுத்த ஒரு மொட்டை மாடியில், ஓர் ஏப்பிரல் நண்பகலில் முக்காலியை நிறுத்தினோம். ஆர்வ மிகுதியால் வடிகட்டியை முதலிலேயே மாட்டிவிட்டோம். காமிராவுக்குள் பார்த்தால் ஒரே இருட்டு! குத்துமதிப்பாகக் குவியம் வைத்து, இருபது விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தோம். கீழே பாரவண்டி ஒன்று போயிற்று; மாடியே அதிர்ந்தது. வந்த படம் சிவப்புக் குழம்பாக இருந்தது. பக்கத்துக் கூரையில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "ஏம் தம்பி, கறுப்புக் கண்ணாடியப் போட்டு மூடிட்டு எதைப் படம் பிடிக்கீக?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அன்று நம்மிடம் விடை இல்லை.

அந்தத் தோல்வியும் அதற்குப் பின் வந்த முயற்சிகளும் கற்பித்தவை இவை.

முதலாவது, உங்கள் காமிராவைச் சோதியுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் காமிராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஒளிப்புள்ளி தெரிந்தால் அந்தக் காமிரா அகச்சிவப்பை ஓரளவு காண்கிறது. பெரும்பாலான காமிராக்களில் உணரிக்கு முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். சிலவற்றில் தடை மெல்லியது. சிலவற்றில் மிகக் கடியது. அதைக் கழற்றி எடுத்துவிட்டால் படம் நொடியில் கிடைக்கும். ஆனால் அது பழகிய கைகளின் வேலை. ஃபிளாஷுக்காகக் காமிராவுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் கடுமையாகத் தாக்கக்கூடும். வீட்டில் திறக்க வேண்டா.

இரண்டாவது, வடிகட்டி. கடையில் ஃபில்டர் என்று கேட்க வேண்டும். தொடங்குவோருக்கு 720 நானோமீட்டர் அளவு ஏற்றது. ஹோயா ஆர்-72 என்பது அவ்வகையில் பலரும் அறிந்தது. 850 அளவு கறுப்பு வெள்ளைப் படத்துக்கே உரியது. இன்னும் நீண்ட நேரம் கேட்கும். லென்சின் முன்வளையத்தில் எழுதியுள்ள மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். பணம் இல்லாத மாணவர்களுக்கும் வழி உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய வண்ண நெகடிவ் சுருளின் முனையில், வெளிச்சம் பட்டுக் கழுவப்பட்டுக் கன்னங்கரேலென்று இருக்கும் துண்டை வெட்டி, இரண்டு மடிப்பாகக் கைப்பேசி காமிராவின் முன் வைத்துப் பாருங்கள். கண்ணொளியை அது பெரும்பாலும் தடுக்கும், அகச்சிவப்பை விடும். படம் தெளிவாக இராது. ஆயினும் வித்தை விளங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: இந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கதிரவனை நோக்கவே கூடாது. இருட்டென்று எண்ணிக் கண்மணி விரியும்; காணாத கதிர் உள்ளே புகுந்து கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, வரிசை முறை. முக்காலியை அசையாத தரையில் நிறுத்துங்கள். வடிகட்டி இல்லாமலே காட்சியை அமைத்து, குவியம் வைத்து, தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். அதன்பின் வடிகட்டியை மெல்ல மாட்டுங்கள். அகச்சிவப்பு சற்றே வேறிடத்தில் குவியும். பழைய லென்சுகளில் அதற்கென்றே சிவப்புக் குறி இருக்கும். குறி இல்லாவிட்டால் துளையை எஃப் 8 அளவில் வைத்தால் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். கண் வைத்துப் பார்க்கும் துளை இருந்தால் துணியால் மூடுங்கள். ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400-இல் தொடங்கி, பத்து, இருபது, முப்பது விநாடி என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் டைமரில் விடுங்கள். படத்தின் நடுவே வெள்ளை வட்டம் ஒன்று தோன்றினால் அது லென்சின் குறை; துளையைச் சற்று விரிவாக்குங்கள், அல்லது வேறு லென்சை நாடுங்கள்.

நான்காவது, நிறம். வெயில் பட்ட புல்லை வெண்மையாகக் கொள்ளுமாறு காமிராவின் ஒயிட் பாலன்ஸை அமையுங்கள். படத்தை ரா கோப்பாகச் சேமியுங்கள். பிறகு கணினியில் கறுப்பு வெள்ளையாக்கலாம். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் வானம் நீலமாக, மரம் வெண்பொன்னாக நிற்கும்.

காலம் எது? பொதுவாக ஒளிப்படக்காரர் வெறுக்கும் உச்சி வெயிலே இதற்கு நல்ல வேளை. மழைக்காலம் ஓய்ந்த அக்டோபரில் இலை கழுவப்பட்டு, வானில் வெண்மேகம் நிற்கும்போது மாட்டுங்காவின் ஐந்து தோட்டப் பக்கம் சென்று பாருங்கள். செம்பூரை அடுத்த மாகுல் ஓடைக் கரையில் அலையாத்திக் காடு வெள்ளையாகவும் நீர் மையாகவும் தெரியும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதே அதற்குக் காரணம். மார்கழிப் பனிமூட்டத்தை இவ்வொளி ஊடுருவும் என்று பெரிதும் நம்பாதீர்கள். காற்றின் மூலக்கூறுகள் எழுப்பும் மெல்லிய மங்கலையே இது வெல்லும். தடித்த புகையையும் தூசியையும் வெல்லாது.

தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் மாநகரின் குப்பை மேடாக இருந்த இடம் அது. மண் பரப்பி, மரம் நட்டு, 1994-ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறந்தார்கள். உரிய அனுமதி கேட்டு அங்கே ஒரு படம் எடுங்கள். குப்பையின்மேல் எழுந்த காடு, வெண்சுடராக நிற்கும். அண்மை ஆண்டுகளில் மும்பையின் மழைமரங்கள் பல மாவுப்பூச்சியால் பட்டுப்போயின. ஒரே மரத்தை, ஒரே இடத்திலிருந்து, ஒரே வேளையில் மாதம் ஒரு முறை எடுத்து வைத்தால், மரத்தின் வரலாறு நம் கையில் இருக்கும். நம் ஒற்றை வடிகட்டிப் படம் மருத்துவரின் தீர்ப்பு ஆகாது. வெயிலும் கோணமும் மாறினால் வெண்மையும் மாறும். ஆனால் கவனிக்கும் பழக்கம் வந்துவிடும். அதுவே பெரும்பயன்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறோம். அடுத்த ஞாயிறு அதே மாடிக்குச் சென்று, முறைப்படி எடுத்தோம். படத்தில் தகரமும் சுவரும் சாம்பல் நிறமாய் அடங்கிவிட்டன. அவற்றிடையே, இதுவரை நம் கண்ணில் படாதவை எழுந்து நின்றன. எண்ணெய்த் தகரத்தில் துளசி, உடைந்த வாளியில் கறிவேப்பிலை, ஓட்டைக் குடத்தில் கற்றாழை, சந்தின் கோடியில் ஒரு முருங்கை. ஒரே சட்டத்துள் பதினேழு செடிகளை எண்ணினோம்! நெல்லைச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், ஆறடி இடத்திலும் மண்ணை மறக்கவில்லை என்பதற்கு அந்தப் படம் சான்று.

பாட்டியிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம துளசியால்லா?" என்றார். பிறகு, "இத ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. புது வீட்டுக்குப் போகையில செடிய வைக்க எடம் இருக்குமோ என்னமோ" என்றார்.

2004-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வந்த தாராவி மறுசீரமைப்பு இன்று நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. நல்ல வீடு வேண்டியவர்களுக்கு நல்ல வீடு வரட்டும், நாம் வரவேற்கிறோம். ஆனால் எந்தக் கணக்கெடுப்பிலும் அந்தத் தகரத் துளசி ஏறாது. அதை ஏற்றி வைக்க நம்மால் முடியும். ஆகவே நம் இளைஞர்களை வேண்டிக்கொள்கிறோம். வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் இசைந்தால், உங்கள் சந்தின் கூரைகளை இவ்வொளியில் எடுத்து, ஆண்டும் இடமும் எழுதிச் சங்கத்தில் சேர்த்துவையுங்கள். பாட்டிக்குப் படம் கொடுத்துவிட்டோம். மற்ற கூரைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.