பிறர் வரைபடமும் நம் சிந்தையும்

(ஆண்டு விழாவில் இளைஞர் அரங்கிலே நிகழ்த்திய உரை)



துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாட்டவர் நெஞ்சம் துணுக்குறும். 1983 முதல் 2009 வரை அதன் ஓசையை நாம் கேட்டது போதும். ஆகவே நான் ஆயுதத்தின் பெருமை பேச வரவில்லை. ஓர் ஆயுதத்தைத் தாமே செய்துகொள்ள முயன்ற நாடுகளின் வரலாற்றைச் சொல்ல வந்தேன். தொழில் பயிலும் இளைஞருக்கு அதிலே நல்ல பாடம் உண்டு.

உப இயந்திரத் துப்பாக்கி என்பது கைத்துப்பாக்கியின் சிறு தோட்டாவைத் தொடர்ந்து சுடும் கருவி. ரைபிளிலும் குறுகியது, நெடுந்தூரம் எட்டாது. அதன் அமைப்போ எளியது. ஒரு குழல், பாரமான ஓர் இரும்புக் கட்டை, அதனை முன்னே தள்ளும் ஒரு சுருள்வில். தோட்டா வெடித்த விசையே கட்டையைப் பின்னே தள்ளி, அடுத்த தோட்டாவுக்கு வழிவிடுகிறது. இந்த எளிமையினாலேதான் பல நாடுகள் இதனைத் தம் நாட்டிலேயே செய்ய முற்பட்டன.

அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். வொலன்கொங் நகரத்து இளைஞர் எவெலின் ஓவன், 1939 இல் தாம் செய்த மாதிரித் துப்பாக்கியொன்றைப் படையினரிடம் காட்டினார். அப்போது அவருக்கு வயது 24. படையினர் வேண்டாமென்றனர். சாக்கிலே கட்டிக் கிடந்த அந்த மாதிரியை, அயலில் வசித்த தொழிற்சாலை முகாமையாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதற்குள் ஒரு கருத்து இருப்பதை உணர்ந்தார். 1941 இல் நடந்த சேற்று, மணற் சோதனைகளில், புகழ்பெற்ற தொம்சனையும் ஸ்டென்னையும் ஓவன் துப்பாக்கி வென்றது. பின்னர் ஏறத்தாழ 45,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டு, நியூகினிக் காடுகளிலே பயன்பட்டன.

இனி அயல்நாடாகிய பாரதத்துக்கு வருவோம். 1962 இல் சீனாவுடன் எல்லைப் போர் மூண்டபோது, பாரதப் படையினரிற் பெரும்பாலோர் கையில் ஒவ்வொரு முறையும் இழுத்துச் சுடும் பழைய ரைபிளே இருந்தது. அவ்வாண்டு நவம்பரிலே பாதுகாப்பு உற்பத்தித் திணைக்களம் அமைந்தது. 1963 முதல் கான்பூர்ச் சிற்றாயுதத் தொழிற்சாலை, பிரித்தானியரின் ஸ்டேர்லிங் துப்பாக்கியை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. ஜோர்ஜ் பற்செட் என்பார் வகுத்து, பிரித்தானியப் படை 1953 இல் ஏற்ற துப்பாக்கி அது. வளைந்த கூட்டில் 34 தோட்டாக்கள் கொள்ளும். இரும்புக் கட்டையில் வெட்டிய திருகு வரிகள் உள்ளே புகுந்த அழுக்கை ஒதுக்கிவிடும். கான்பூரிலே இது கார்பைன் 1ஏ ஆயிற்று. ஓசை அடக்கிய வகை 2ஏ1 ஆயிற்று. படையினரும் பொலிசாரும் பல்லாண்டு இவற்றைத் தாங்கினர்.

கை நன்றாகப் பழகியது. ஆனால், சிந்தை பழகியதா? 1980களில் உருவான இன்சாஸ் திட்டத்தில் ரைபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என மூன்றும் அடங்கின. முதலிரண்டும் படையிற் சேர்ந்தன, கார்பைன் சேரவில்லை. புனே ஆய்வுக்கூடம் வகுத்த வேறொரு கார்பைன் இறுதிச் சோதனையில் தேறியது 2020 டிசம்பரிலே. 2021 ஜனவரியில் ‘அஸ்மி’ வெளிவந்தது. ஒரு படை அதிகாரியும் ஆய்வுக்கூடத்தாரும் கூடி நான்கே மாதத்தில் ஆக்கியது அது. வடமொழியில் ‘அஸ்மி’ என்றால் ‘இருக்கிறேன்’ என்று பொருள். கான்பூரில் உற்பத்தி தொடங்கியபின், அவ்வாறு சொல்வதற்கு 58 ஆண்டுகள் சென்றன!

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிறர் வரைபடத்தைப் பார்த்துச் செய்வது இழிவன்று, அதுவே முதற்படி. ஆனால், இந்த வரி ஏன் வெட்டப்பட்டது, இந்தக் கூடு ஏன் வளைந்தது என்று கேளாதவன் அந்தப் படியிலேயே நின்றுவிடுவான். பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடியெடுத்து மாட்டத் தெரிந்த இளைஞர் நம்மிடையே பலர். பழையது ஏன் உடைந்தது என்று ஆராய்பவர் எத்தனை பேர்?

முதியோருக்கும் ஒரு வார்த்தை. ஓவனின் சாக்கைத் திறந்து பார்க்க ஒரு பெரியவர் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளை எதையேனும் பிரித்துப் போட்டால் ஏசாதீர்கள், அருகிலிருந்து பாருங்கள். இளைஞர்களே, நீங்கள் துவக்குச் செய்ய வேண்டியதில்லை. நீர்ப்பம்பியாகட்டும், தையல் இயந்திரமாகட்டும், ஒன்றையாவது உங்கள் சொந்தச் சிந்தையால் ஆக்குங்கள். அழிவுக்கருவி கற்பித்த பாடத்தை ஆக்கத்துக்குப் பயன்படுத்துவோமாக.