நோன்பில் சர்க்கரை இறங்கினால்

(ரமலானுக்கு முந்தைய ஜும்ஆவுக்குப் பின் திருவானைக்காவலில் நடந்த குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ரமலானில் நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் அஸர் நேரத்தில் காரணமில்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தார். நோன்புக் களைப்பு என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் பேச்சு குழறியது. பார்த்தால் சர்க்கரை 46. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். "கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?" என்று பிறகு எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

சர்க்கரை இறங்கினால் உடல் சும்மா இருப்பதில்லை. கணையம் குளுக்ககானை விடும். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினை விடும். நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். கூடவே மூளையிலிருந்து, அதன் அடியில் பட்டாணி அளவிலுள்ள பிட்யூட்டரிக்குச் சேதி போகும். அது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும், கார்டிசோலையும் சுரக்க வைக்கும். இவை மெதுவாக வேலை செய்து சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சேதியில் மூளையின் செரோட்டோனினுக்கும் பங்குண்டு என்பதை 1970-களில் கண்டார்கள். செரோட்டோனினைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடினைக் கொடுத்துவிட்டு இன்சுலினால் சர்க்கரையைத் தாழ்த்தியபோது, இவ்விரு ஹார்மோன்களும் வழக்கமான அளவு உயரவில்லை. பசியெடுக்க வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த டானிக்குகள் பலவற்றில் இருப்பது இதே மருந்துதான். பயப்பட வேண்டாம், ஆனால் சர்க்கரைக்காரர் தான் சாப்பிடும் எதையும் டாக்டரிடம் மறைக்கக்கூடாது. அட்டினோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளும் படபடப்பை மறைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அடிக்கடி சர்க்கரை இறங்கினால் அந்த எச்சரிக்கையே மங்கிவிடும். பெரியவருக்கு நடந்தது அதுதான். முந்தைய நோன்புகளிலும் மாலையில் தலை கிறங்கியிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை.

2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை முதல் வகையினருக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது.

இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு எடுப்பவர்கள் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோயாளி வேறு நாளில் களா செய்யலாம் என்று அல்பகரா 184, 185 வசனங்களில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். அதன் பிறகும் "மக்ரிபுக்குப் பத்து நிமிஷம்தானே, பொறுங்கத்தா" என்று உட்கார வைப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

ரமலான் முழுதும் லுஹர் முதல் மக்ரிப் வரை டிரஸ்ட் அலுவலகத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கும். காசு வேண்டாம். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் நம் பிள்ளைகள் வீட்டுக்கே எடுத்து வருவார்கள். வஸ்ஸலாம்.