பெட்ரோலில் கலந்த எத்தனால்



இன்று நம் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்தான். கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசியிலிருந்து எடுப்பது. 2030-க்கு என்று முதலில் வைத்த இந்த 20 சதவீத இலக்கை நாடு 2025-லேயே எட்டிவிட்டது.

இதனால் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, விவசாயிக்கும் வருமானம் கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் அளவு அதிகம். எஞ்சினில் தட்டும் சத்தம் குறையும். இதெல்லாம் உண்மையான நன்மைகள்தான்.

ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டிக்காரருக்கு அதைவிடக் கவலை, ரப்பர் குழாயும் வாஷரும். எத்தனால் பட்டுப்பட்டு அவை ஊதிப்போகலாம், வெடிப்பு விடலாம். இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டி கிளம்ப அடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

2023 ஏப்ரலுக்குப் பின் இந்தக் கலவையைத் தாங்கும்படி தயாரான வண்டிகளுக்குப் பெரிய பயமில்லை. பழைய வண்டிக்காரருக்கு, சாதாரண பெட்ரோல் வாங்கும் வாய்ப்பையே விட்டுவைக்காதது நியாயமில்லை என்பது என் கருத்து.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாய்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கசிவு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.