கணக்கு முடிந்த பிறகே போத்தலை மூடுங்கள்



வீட்டிலேயே பழச்சுவையுள்ள பியர் செய்து பார்க்க எங்கள் ஆட்கள் சிலருக்கு ஆசை வந்திருக்கிறது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. செய்கிறவர்கள் பாதுகாப்பாகச் செய்யவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

பிரித்தானியாவில் 1963 வரை வீட்டில் பியர் வடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். இன்று சொந்தப் பாவனைக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒரு போத்தலைத்தானும் காசுக்கு விற்கலாகாது. அதற்குப் பதிவும் வரியும் உண்டு. சாராயம் காய்ச்சுவதும் அனுமதியின்றிக் குற்றமே.

ஊரில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. இது எங்களுக்குத் தெரிந்த பாடம். சீனியை மதுவம், அதாவது ஈஸ்ற், தின்று மதுசாரமும் வாயுவும் ஆக்குகிறது. பியரிலும் அதுதான் நடக்கிறது.

புதியவர்களுக்குக் கடையில் ரின்னில் விற்கும் மோல்ற் பாகு நல்லது. பெரும்பாலும் 23 லீற்றருக்கு அளவானது. வாளி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கியிலும் அலசுங்கள். வாயு வெளியேறும் மூடியோடு 18 முதல் 22 பாகை செல்சியசில் வையுங்கள்.

பழத்தை முதல் நாளே போடவேண்டாம். ஒரு கிழமை கழித்து, நுரை அடங்கியதும் 2 கிலோ போதும். உறையவைத்த றாஸ்பெரியை 70 பாகையில் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். கொதித்தால் பியர் கலங்கும். எங்கள் கடைகளில் கிடைக்கும் மாம்பழக்கூழும் பொருந்தும். பழுதாகாமலிருக்க மருந்து கலந்ததை மட்டும் தவிருங்கள், அது மதுவத்தைத் தடுக்கும்.

இனித்தான் முக்கியமான இடம். பழத்திலும் சீனி உண்டு. ஆகவே அடங்கிய நொதித்தல் திரும்பத் தொடங்கும். வாயு நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. நீரமானியை இறக்கி அளவைக் குறியுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு முடிந்தது. குறைந்திருந்தால் இன்னும் பொறுங்கள்.

கணக்காளன் என்றபடியால் இலக்கத்தோடு சொல்கிறேன். போத்தலில் நுரை வருவதற்கு லீற்றருக்கு 6 கிராம் சீனி சேர்ப்போம். அடிமண்டி போக 20 லீற்றர் மிஞ்சினால் 120 கிராம். நீரமானி 1.010க்கு இறங்கவேண்டிய பியரை 1.014இல் அடைத்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 8 கிராம் சீனி உள்ளே ஒளிந்திருக்கும். நாங்கள் போட்டதைவிட அது கூட. வாயு இரட்டிப்பாகும், கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித்திரியும் குசினியில் கண்ணாடித்துண்டு பறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆகவே முதல் முறை சோடா வரும் பிளாஸ்ரிக் போத்தல்களையே எடுங்கள். விரலால் அமத்திப் பார்த்தால் இறுக்கம் தெரியும். கல்லுப்போல இறுகினால் மூடியை மெல்லத் தளர்த்தலாம். கண்ணாடிதான் வேண்டுமென்றால் பியருக்கென்றே செய்த தடித்த போத்தல், வேறெதுவும் வேண்டாம். இரண்டு கிழமை இளஞ்சூட்டில் வைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் பழச்சாறு என்று எடுத்துவிடாமல் ஒவ்வொன்றிலும் பெயரும் திகதியும் ஒட்டுங்கள்.

ஒரு கொப்பியில் திகதி, சூடு, நீரமானி அளவு மூன்றையும் எழுதி வாருங்கள். அடுத்த முறை அதுவே உங்களுக்கு வழிகாட்டும்.