ஒளியும் எடையும்



வானத்தைப் பற்றி நமக்கு இதுவரை சொல்லி வந்தவர்கள் புராணிகர்களும் ஜோசியர்களுமே. அவர்கள் எதையும் அளந்து சொன்னதில்லை. நாமும் அளவு கேட்டதில்லை. அளந்து பார்த்தவர்கள் கண்ட ஒரு விஷயத்தை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சூரியனுக்கு அருகிலுள்ள புதன் விநாடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் ஓடுகிறது. வெகு தூரத்திலுள்ள நெப்டியூனோ 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நகருகிறது. காரணமென்ன? எடை ஏறக்குறைய முழுவதும் நடுவிலுள்ள சூரியனில் இருக்கிறது. தூரம் போகப்போக அதன் இழுப்பு குறைகிறது, வேகமும் குறைகிறது.

கோடானுகோடி நட்சத்திரங்கள் சுருள் வடிவமாகக் கூடிச் சுழலும் மண்டலங்கள் ஏராளமாக உண்டு. நம் சூரியனும் அப்படியொன்றில்தான் இருக்கிறது. சுமார் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமீடா மற்றொன்று. இவற்றில் நடுவே ஒளி மிகுதி. ஓரம் போகப்போக மங்கல். ஆகவே எடையும் நடுவிலேயே மிகுதியென்றும், ஓரத்து நட்சத்திரங்கள் மெதுவாகவே சுற்றுமென்றும் பலர் எண்ணியிருந்தார்கள்.

அமெரிக்காவில் வேரா ரூபின் அம்மையாரும் கெண்ட் ஃபோர்டும் இதை அளந்தார்கள். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமாகவும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமாகவும் சிறிது நகரும். அந்த நகர்விலிருந்து வேகம் கணக்காகும். 1970-இல் ஆண்ட்ரோமீடாவின் அளவை வெளியிட்டார்கள். 1980-இல் 21 சுருள் மண்டலங்களின் அளவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்தபடி ஓரத்தில் வேகம் விழவில்லை! அப்படியானால் ஒளி மங்கிய இடத்திலும் எடை இருந்தாக வேண்டும். ஒளியை வைத்து எடையை மதித்தது தவறென்று ஏற்பட்டது.

இந்த அம்மையார்தான் 1965-இல் பாலோமர் வானாராய்ச்சிக் கூடத்தில் முறைப்படி அனுமதி பெற்று ஆராய்ந்த முதல் பெண். பெண்ணுக்கு அடுப்பங்கரையே போதுமென்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

"கண்ணுக்குத் தெரியாததை நீங்களும் ஒப்புகிறீர்களே, எங்கள் கடவுளை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?" என்று வைதீகர் கேட்கலாம். தோழர்களே! இந்தக் கரும்பொருளுக்கு இன்ன இடத்தில் இவ்வளவு எடை என்று கணக்கிருக்கிறது. கணக்குத் தப்பினால் தள்ளிவிட ஆராய்ச்சிக்காரர்கள் தயார். அது இன்னதென்று இன்னும் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. மில்க்ரம் என்பவர் 1983-இல், அப்படியொரு பொருளே வேண்டியதில்லை, இயக்க விதியையே மாற்றிப் பார்க்கலாம் என்றார். அவரை யாரும் சாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. அளந்துதான் பதில் சொல்லுகிறார்கள். கரும்பொருளுக்குக் கோவிலுமில்லை, உண்டியலுமில்லை, தரகனுமில்லை. கடவுளுக்கு இப்படியொரு கணக்கு யாராவது காட்டியதுண்டா?

ஆகையால் பளபளப்பைக் கண்டு எடையை மதிக்காதீர்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.