தீயவன் வேடம் தாங்கிய நல்லவர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சங்கங்களில் நாடகம் போடுவதென்றால் கதாநாயகன் வேடத்திற்கு நால்வர் போட்டியிடுவர். துரியோதனனுக்கோ ஆள் தேடி வீடு வீடாக அலைய வேண்டும். தீயவனாக நின்று ஊராரின் வசையை வாங்கிக்கொள்ள எவருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்த வசையையே ஊதியமாகப் பெற்று, அதனையே உயர்ந்த கலையாக்கிக் காட்டினார் ஒருவர். குற்றக் கதைப் படங்களால் உலகப் புகழ் எய்திய அமெரிக்க நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சன் அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

அவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். 1893-ஆம் ஆண்டில் ருமேனிய நாட்டின் புகாரெஸ்ட் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இமானுவேல் கோல்டன்பர்க். அந்நாட்டில் யூதர்மீது நிலவிய பகைமை தாங்காது குடும்பம் கடல் கடந்து நியூயார்க்கில் குடியேறியபோது அவருக்கு ஏறத்தாழப் பத்து வயது. குற்றவியல் வழக்கறிஞராக வேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்ட எண்ணம். ஆயின் நாடகக் கலை அவரை ஈர்த்துக்கொண்டது.

மேடைக்கென ராபின்சன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். ஆனால் நடுவே 'ஜி' என்னும் ஓர் எழுத்தை மட்டும் விடவில்லை. அது கோல்டன்பர்க் என்பதன் முதலெழுத்து. தந்தையின் பெயரை ஓர் எழுத்தாக்கிச் சுமந்து வந்து, "குடும்பப் பெயர் என்ன?" என்று வடபுலத்து அலுவலகந்தோறும் கேட்கப்படும் நமக்கு, அந்த ஓர் எழுத்தின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1931-இல் வெளிவந்த 'லிட்டில் சீசர்' என்னும் படம் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. சிறு திருடனாகத் தொடங்கிக் கொள்ளைக் கூட்டத் தலைவனாக உயர்ந்து, முடிவில் தெருவில் சுடப்பட்டு வீழும் ரிக்கோ என்பவனின் கதை அது. ராபின்சன் குள்ளமானவர், அழகர் என்று சொல்லத்தக்க முகமும் அன்று. எனினும் உறுமும் குரலும் வாயில் சுருட்டுமாக அவர் நின்ற நிலை, பின்வந்த கொள்ளைத் தலைவர் வேடங்களுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. துப்பாக்கி வெடிக்கும் ஒலி கேட்டாலே அவர் கண்கள் இமைத்துவிடும் என்றும், அதனால் இமைகளை நாடாவால் ஒட்டியே அக்காட்சிகளைப் படமாக்கினர் என்றும் கூறுவர். திரையில் கொலைஞன், வீட்டிலோ ஓவியங்களின் காதலர். செசான், வான் கோ போன்ற மேதைகளின் ஓவியங்களைத் தேடித் தொகுத்தவர்.

அவரது கலையின் ஆழத்தைக் காண விரும்புவோர் 1944-இல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தைக் காண வேண்டும். அதுகாறும் முதற்பெயராக விளங்கியவர், அப்படத்தில் மூன்றாம் பெயராக நிற்க இசைந்தார். பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் இன்ஷுரன்ஸ் அலுவலர் கீஸ் என்பது அவர் ஏற்ற வேடம். அவருடைய சுருட்டுக்கு எப்போதும் தீக்குச்சி கிழித்துத் தருபவன் உடன் பணிபுரியும் இளைஞன். அவனே கொலையாளி என்பதை இறுதியில் கீஸ் அறிகின்றார். குண்டடி பட்டுத் தரையில் சாய்ந்த அவன் சிகரெட்டைப் பற்றவைக்க முயன்று கை சோர்கின்றான். கீஸ் குனிந்து, தாமே குச்சி கிழித்துப் பற்ற வைக்கின்றார். குற்றத்தை மன்னிக்கவில்லை, மனிதனைக் கைவிடவுமில்லை. வழக்கறிஞராக நீதிமன்றம் ஏறாதவர், திரையில் அன்று ஆற்றிய வாதம் அதுவே என்பேன்.

1945-இல் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' படத்தில் ஓவியம் தீட்டும் ஆசை கொண்ட எளிய காசாளராக வந்தார். அடக்கமே உருவான அந்த மனிதர், ஒரு பெண்ணின் வஞ்சகத்தில் சிக்கிக் கொலை செய்யும் நிலைக்கு இழிவதைக் காணும்போது, குற்றம் எங்கோ வேற்றூரில் விளைவதன்று, நம்மைப் போன்றார் நெஞ்சிலும் முளைக்கக் கூடும் என்னும் அச்சம் நமக்கு எழுகின்றது. 1948-இல் 'கீ லார்கோ'வில் மீண்டும் கொள்ளைத் தலைவனானார்.

பின்னர் வந்தது வாழ்வின் சோதனை. அமெரிக்காவில் பொதுவுடைமையரைத் தேடி வேட்டையாடிய காலம் அது. 1950-இலும் 1952-இலும் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் நின்று, தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என்று அவர் விளக்க நேர்ந்தது. குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பெரும் படங்களின் கதவுகள் அடைபட்டன. சிறு படங்களே எஞ்சின. திரையில் எத்தனையோ முறை குற்றவாளியாக நின்றவர், வாழ்வில் குற்றமின்றியே கூண்டில் நின்றார். 1956-இல் செசில் பி. டிமில் தமது 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தில் வேடம் தந்து அவரை மீட்டார். மணமுறிவின் விளைவாக 1957-இல் அருமை ஓவியங்களையும் விற்க நேர்ந்தது. எனினும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. ஓவியங்களை மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார்.

அவர் பெயர் ஒருமுறையேனும் ஆஸ்கார் போட்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டதில்லை. 1973-இல் சிறப்பு விருது வழங்க முடிவு செய்தனர். ஆனால் அவ்வாண்டு ஜனவரி 26-ஆம் நாள் அவர் மறைந்தார். மார்ச்சு மாதத்தில் அவர் மனைவியார் விருதைப் பெற்றுக்கொண்டார்.

அன்பர்களே, ஒருவர் ஏற்ற வேடத்தைக் கண்டு அவரை எடை போடுவது எளிது. வேற்றூரில் வாழும் நாமும் நம் பேச்சையும் உடையையும் கொண்டு பிறரால் எடை போடப்படுவதுண்டு; நாமும் பிறரை அவ்வாறே எடை போடுவதுண்டு. வேடத்தின் உள்ளே நிற்கும் மனிதனைக் காணும் கண் வேண்டும். கலை நமக்குக் கற்பிக்கத்தக்கது அதனினும் மேலானது யாதுமில்லை.