சினை நிக்குமா?

திருவண்ணாமலை தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ‘சினை நிக்குமா?’ என்று கேட்டால் மட்டும் விற்பவர் வாய்ச்சொல்தான் பதில்.

சினை பிடிப்பது ஒரே மரபணுவின் வேலை இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கை கொடுக்கின்றன. தீவனம், வெயில், சினை ஊசி போட்ட நேரம் இவற்றின் பங்கு அதைவிடப் பெரிது.

ஆனால் சினையைக் கெடுக்க ஒரே மரபணு போதும். 1962இல் அமெரிக்காவில் பிறந்த ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 பெண் கன்றுகள். வம்சமே பால் கொட்டியது. கூடவே ஒரு மரபணுப் பழுதும் பரவியது. தாய், தந்தை இருவழியிலும் அது வந்து சேர்ந்தால் கரு கலைந்துவிடும். உலகெங்கும் அப்படிக் கலைந்தவை சுமார் 5 லட்சம் என்கிறார்கள். பிறக்காத கன்றை யார் எண்ணுவார்? மரபணுக்களை அலசிய பிறகு, 2016இல்தான் பழுது எங்கே என்று பிடிபட்டது.

நம் நாட்டு மாடுகளுக்கென்று ஹைதராபாத் தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘இண்டிகாவ்’ மரபணுச் சில்லு 2021இல் வந்தது. 11,496 மரபணுக் குறியீடுகளை அதில் பார்க்கலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு மாட்டின் சினைக் கணக்கும் வேண்டுமே! ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 21ஆம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறதா என்று கவனியுங்கள்.